குக்கீயும் நம் வீட்டுக் கணினியும்

பிழைப்பின் பொருட்டு வெளிமாநிலங்களில் வாழும் நாம், ஊரிலுள்ள பெற்றோரின் மின்னஞ்சல் முதலிய கணக்குகளை இங்கிருந்தே கவனித்து வருகிறோம். கணக்கைத் திறக்கும்போதெல்லாம் ஓ.டி.பி. எண் ஊரிலுள்ள தந்தையாரின் கைப்பேசிக்குச் செல்கிறது. அவர் கடைத்தெருவுக்குச் சென்றிருந்தால் நம் அலுவல் நின்றுவிடுகிறது. நேற்றுச் சரிபார்த்த தளம் இன்று மீண்டும் ஏன் கேட்கிறது?

இணையத்தளத்திற்கு இயல்பாக நினைவு கிடையாது. ஒவ்வொரு முறையும் நம்மைப் புதியவராகவே அது கருதும். இக்குறையைப் போக்க, நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மாண்டுல்லி என்பார் 1994-இல் ஒரு வழி கண்டார். தளம் ஒரு சிறு குறிப்பை நம் பிரவுசரிடம் கொடுத்து வைக்கும். மறுமுறை செல்லுங்கால் பிரவுசர் அதைக் காட்டும். இக்குறிப்பே குக்கீ எனப்படுவது. கோயில் வாசலில் செருப்பை விட்டுப் பெறும் வில்லை போன்றது இது. ஓ.டி.பி. கொடுக்கும்போது, 'இக்கருவியில் மீண்டும் கேட்க வேண்டாம்' என்னும் கட்டத்தில் குறியிட்டால் நமக்கு அவ்வில்லை கிடைக்கிறது.

வில்லையைப் பெரும்பாலும் நாமே தொலைக்கிறோம். கணினி மெதுவாக ஓடுகிறதென்று பிரவுசரின் பதிவுகளை அழிக்கும்போது குக்கீகளும் உடன் போய்விடுகின்றன. அழிக்குமுன் 'குக்கீகள்' என்ற வரியின் குறியை நீக்கிவிட்டால் அவை தப்பும். மறைநிலைச் சாளரத்தில் பெற்ற குக்கீ, அச்சாளரத்தை மூடியதும் மறையும். ஒரு பிரவுசரில் பெற்றது மற்றொன்றில் செல்லாது. மூடியவுடன் குக்கீகளை அழிக்கும் அமைப்பு இயங்குகிறதா என்றும் பார்த்தல் நலம். அவ்வமைப்பு வேண்டுமென்போர், நம்பகமான தளங்களை மட்டும் விலக்குப் பட்டியலில் சேர்க்கலாம்; குரோம், பயர்பாக்ஸ் இரண்டிலும் இதற்கு இடமுண்டு. விளம்பரத்தார் நம்மைப் பின்தொடர்வதைக் குறைக்க விரும்புவோர் மூன்றாம் தரப்புக் குக்கீகளை மட்டும் தடுத்தாற் போதும்.

எக்குக்கீயும் என்றென்றும் நிலைப்பதன்று. குரோம் 2022 முதல் குக்கீயின் ஆயுளை 400 நாட்களுக்கு மேற்படாமல் வரையறுத்துள்ளது. வங்கித் தளங்களோ சில நிமிடம் வாளாவிருந்தாலே நம்மை வெளியேற்றிவிடும். அது பழுதன்று, நம் பணத்திற்குக் காவல்.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. வில்லை யார் கையில் உள்ளதோ அவருக்கே செருப்பு கிடைக்கும். நம் குக்கீயைப் பிறர் கவர்ந்தால், கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் இன்றியே கணக்கினுள் நுழைய இயலும். ஆதலின் அலுவலகத்திலோ, விடுதியிலோ, இணைய மையத்திலோ உள்ள பொதுக் கணினியில் அக்கட்டத்தில் ஒருபோதும் குறியிடலாகாது. பணி முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுதல் வேண்டும். மடிக்கணினி களவுபோனால், வேறொரு கருவியிலிருந்து உடனே கடவுச்சொல்லை மாற்றி, 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்னும் வசதியைப் பயன்படுத்துக.

நம் வீட்டுக் கணினியில் நினைவு நிலைக்கட்டும். பிறர் கணினியில் நம் சுவடு தங்க வேண்டாம். இதனை இல்லத்தார் அனைவரும் அறிந்திருப்பின், ஊரிலுள்ள முதியோருக்கும் தொல்லை குறையும்.