கடைக்காரரின் உடல்நலம்: கல்லாவில் இருப்பவருக்கும் கவுண்டரில் நிற்பவருக்கும்

மூட்டையில் ஒரு கிலோ குறைந்தால் தராசு காட்டிவிடுகிறது. கல்லாவில் பத்து ரூபாய் உதைத்தாலும் இரவுக் கணக்கில் தெரிந்துவிடுகிறது. உடம்பில் ஏற்படும் குறைவு மட்டும் பல ஆண்டுகள் வெளியே தெரிவதில்லை. தெரிய வரும்போது முதலுக்கே மோசம் வந்திருக்கும். சிறு கடைகளில் உரிமையாளர் படுத்தால் கடையும் படுத்துவிடும் என்பது நம் அனைவருக்கும் தெரிந்ததே.

சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர் என்று அது கூறியது. வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல் இந்நோய் உள்ளது. தமிழ்நாட்டில் இந்த அளவு இன்னும் அதிகம்.

அஸ்தினாபுரம், குரோம்பேட்டை, செம்பாக்கம் பகுதிகளில் மளிகை, காய்கறி, பால் கடைகள் விடியற்காலையில் திறந்து இரவு பத்து மணி வரை நடக்கின்றன. இந்த நேரம் முழுவதும் கடைக்குள் இருவகை மனிதர்கள் இருக்கிறார்கள். ஒருவர் கல்லாவில் உட்கார்ந்தே இருக்கிறார். மற்றவர் கவுண்டரில் நின்றுகொண்டே இருக்கிறார். இருவருக்கும் வரும் நோய்கள் வேறு, காரணம் ஒன்றுதான். ஒரே நிலையில் உடம்பை நெடுநேரம் வைத்திருப்பதே அந்தக் காரணம்.

உட்கார்ந்தே இருந்தால்

லண்டன் மாநகரில் ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து 1953-இல் முடிவுகளை வெளியிட்டார். நாள் முழுவதும் உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களைவிட, மாடிப் பேருந்தில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. ஒரே வண்டி, ஒரே சாலை. வேறுபாடு உடல் அசைவில்தான். நம் கடைகளில் கல்லாவில் இருப்பவர் அந்த டிரைவரைப் போன்றவர்.

தசைகள் வேலை செய்யும்போது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துச் செலவிடுகின்றன. சாப்பிட்டவுடன் வந்து கல்லாவில் அமர்ந்தால் அந்தச் செலவு நடப்பதில்லை. மதிய உணவுக்குப் பின் பத்து நிமிடம் நடப்பது இதற்கு எளிய வழி.

நின்றுகொண்டே இருந்தால்

காலில் இறங்கிய ரத்தம் மேலே ஏற வேண்டுமானால் கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து அதை அழுத்தித் தள்ள வேண்டும். அசையாமல் நின்றால் ரத்தம் கீழேயே தேங்குகிறது. நாளடைவில் ரத்தக் குழாய்களின் வால்வுகள் தளர்ந்து, குழாய்கள் புடைத்துச் சுருண்டுகொள்கின்றன. இதையே நரம்புச் சுருட்டல் என்கிறோம். கால் வீக்கம், குதிகால் வலி, இடுப்பு வலி ஆகியவையும் சேர்ந்து வருகின்றன.

இதில் சட்டப் பொறுப்பும் நமக்கு உண்டு. கேரளத்தில் துணிக்கடைப் பெண் ஊழியர்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடியதன் பயனாக 2018-இல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு முக்காலி வாங்கும் செலவு, அனுபவம் உள்ள ஊழியர் ஒரு வாரம் விடுப்பு எடுப்பதால் வரும் நஷ்டத்தைவிட மிகக் குறைவு.

கடையிலேயே செய்யக்கூடியவை

1. கல்லாவில் இருப்பவர் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்க வேண்டும். நம்பிக்கையான ஆள் இருந்தால் இடம் மாறிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

2. நிற்பவர் அவ்வப்போது குதிகாலை உயர்த்தி இறக்க வேண்டும். இருபது முறை போதும். ஒரு காலைச் சிறு பலகை மீது வைத்து மாற்றி மாற்றி நின்றால் இடுப்புக்கு இதம்.

3. 26 கிலோ அரிசி மூட்டையானாலும் எண்ணெய் டின் ஆனாலும் முதுகை வளைத்துத் தூக்கக் கூடாது. முழங்காலை மடக்கி, சுமையை உடம்போடு ஒட்டி வைத்துத் தூக்க வேண்டும். தூக்கியபடியே இடுப்பைத் திருப்பக் கூடாது.

4. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீடும் கடையும் ஒரே பகுதியில் உள்ளவர்கள் ஸ்கூட்டரை விட்டு நடந்தாலே பெரும்பகுதி கணக்கில் வந்துவிடும்.

உணவு

ஒரு டம்ளர் டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் பத்து கிராம். நாளுக்கு ஆறு டீ குடித்தால் அறுபது கிராம். உலக சுகாதார நிறுவனம் கூறும் மேல் வரம்பு சுமார் ஐம்பது கிராம். இருபத்தைந்துக்குள் இருந்தால் மேலும் நல்லது. டீயை விட முடியாதவர்கள் சர்க்கரையைப் பாதியாக்கலாம். டீயோடு வரும் வடை, பஜ்ஜிக்குப் பதில் நாம் விற்கும் பொட்டுக்கடலை, வேர்க்கடலை, சுண்டல் இருக்கவே இருக்கின்றன.

உப்பு நாளுக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு ஸ்பூனுக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். மதியச் சாப்பாட்டை நான்கு மணிக்குத் தள்ளி, இரவு பதினொரு மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுப்பது நம் தொழிலில் பரவலான பழக்கம். இதை முதலில் மாற்ற வேண்டும். கழிப்பிடம் இல்லை என்பதால் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் சிறுநீரை அடக்குவதும் சிறுநீரகக் கல்லுக்கும் தொற்றுக்கும் வழி செய்யும். பக்கத்துக் கடைகளோடு சேர்ந்தாவது இதற்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

தசைகளைத் தளர்த்துதல்

கடன் பாக்கி, சரக்கு தேக்கம், வாடகை என்று மனம் இறுகும்போது கழுத்தும் தோளும் தாமாகவே இறுகுகின்றன. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920-களில் இதற்கு ஒரு பயிற்சி வகுத்தார். நம் சவாசனத்துக்கு நெருங்கியது அது. மதியம் கடை அடைத்த நேரத்தில் பத்து நிமிடம் போதும்.

மல்லாந்து படுத்துக் கண்களை மூடுங்கள். பாதத் தசைகளை ஐந்து விநாடி இறுக்கிப் பின் முழுவதும் விட்டுவிடுங்கள். இருபது விநாடி அந்தத் தளர்ச்சியைக் கவனியுங்கள். இப்படியே கெண்டைக்கால், தொடை, வயிறு, கை, தோள், முகம் என மேலே வாருங்கள். மூச்சை அடக்கக் கூடாது. வலி உள்ள இடத்தை இறுக்க வேண்டாம். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் செய்யவும்.

கவனிக்க வேண்டியவை

முப்பது வயதைக் கடந்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது இலவசம். குரோம்பேட்டையில் அரசு மருத்துவமனை இருக்கிறது. சித்த மருத்துவம் நாடுவோருக்குத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் உள்ளது. எந்த முறையானாலும், நடந்துவரும் மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தக் கூடாது.

நெஞ்சில் பாரம், இடது கையிலோ தாடையிலோ வலி, திடீர் வியர்வை வந்தால் வாயுத் தொல்லை என்று சோடா குடித்துவிட்டு வியாபாரத்தைத் தொடராதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். கடையைப் பக்கத்துக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார்.

ஆண்டுதோறும் சரக்கு இருப்பு எடுக்கும் நாம், அதே நாளில் நம் உடம்புக்கும் நம் ஊழியர் உடம்புக்கும் ஒரு கணக்கு எடுப்போம். சுவர் இருந்தால்தான் சித்திரம்.