பைதன் செய்நிரல்களின் பொதியாக்கமும் விநியோகமும்: சில அடிப்படைப் பிரச்சினைகள்

நூலொன்று எழுதி முடிக்கப்பட்டதோடு ஆசிரியரின் பணி நிறைவுற்றது எனக் கருதுவோர், அது வாசகரின் கையை அடையுமுன் செலவாகும் உழைப்பைப் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. கணினிச் செய்நிரல்கள் குறித்தும் இத்தகைய மனப்பாங்கே நிலவுகின்றது. செய்நிரலை எழுதுதல் அறிவு சார்ந்த தொழில் என்றும், அதனைப் பொதியாக்கிப் பயன்படுத்துவோரிடம் சேர்ப்பித்தல் அதன்பின் வரும் சில்லறை வேலை என்றும் எண்ணுகின்றனர். போக்குவரத்துத் தொழில் பண்டத்தின் பெறுமதியை அதிகரிப்பது என்பதை மார்க்ஸ் ‘மூலதனம்’ இரண்டாம் பாகத்தில் விளக்கியிருத்தல் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. பைதன் மொழியில் எழுதப்படும் மேசைக் கணினிச் செய்நிரல்களை முன்வைத்து இவ்விநியோகப் பிரச்சினையை நாம் நோக்குவோம்.

தமிழ்த்துறை ஆய்வாளர் ஒருவர் பழைய நூல்களுக்குச் சொல்லடைவு தயாரிப்பதற்குப் பைதனில் ஒரு செய்நிரலை எழுதினார் எனக் கொள்வோம். அவருடைய கணினியில் அது குறைவின்றி இயங்குகிறது. வேறோர் ஊரிலுள்ள மாணவருக்கு அக்கோப்பை அனுப்புகிறார். மாணவரின் கணினியிலோ அது திறக்கவே மறுக்கிறது. இதற்கான காரணம் மாணவரின் அறியாமையன்று. பைதனின் இயல்பிலேயே அது அடங்கியுள்ளது.

1989ஆம் ஆண்டின் இறுதியில் கைடோ வான் றொசம் அம்ஸ்ரடாமில் உருவாக்கத் தொடங்கி, 1991இல் வெளியிட்ட பைதன், மனிதர் வாசிக்கத்தக்க வடிவிலேயே செய்நிரலைப் பேணும் மொழியாகும். சி போன்ற மொழிகளில் எழுதப்பட்டவை முன்கூட்டியே இயந்திரமொழிக்கு மாற்றப்படுகின்றன. பைதனிலோ மூலவரிகள் ஓர் இடைநிலைக் குறியாக மாற்றப்பட்டு, இயங்கும் வேளையில் பைதன் இயக்கியினால் நிறைவேற்றப்படுகின்றன. எனவே செய்நிரலோடு அவ்வியக்கியும், ஆய்வாளர் பயன்படுத்திய நூலகத் தொகுதிகளும், அவற்றுட் பலவற்றில் அடங்கியுள்ள, சி மொழியில் எழுதப்பட்ட பகுதிகளும் மாணவரிடம் இருத்தல் அவசியம். ஆய்வாளர் எழுதியவை முந்நூறு வரிகளாக இருக்கலாம். அவை சார்ந்து நிற்பதோ பிறர் பல்லாண்டுகள் செலுத்திய உழைப்பின் மீதாகும்.

உறையவைத்தல்

இத்தேவைகள் அனைத்தையும் ஒன்றாகத் திரட்டிக் கட்டும் முறையைச் செய்நிரலாளர் ‘உறையவைத்தல்’ என்னும் பொருள்படும் சொல்லாற் குறிப்பர். இதற்குப் பரவலாகப் பயன்படும் கருவி பைஇன்ஸ்டாலர் ஆகும். அது செய்நிரலிலுள்ள இறக்குமதிக் கூற்றுகளை ஆராய்ந்து, அவை வேண்டும் தொகுதிகளையும், அத்தொகுதிகள் வேண்டும் ஏனையவற்றையும் படிப்படியாகத் தேடித் திரட்டுகின்றது. பின் இயக்கியையும் உடன் சேர்த்து, அனைத்தையும் தொடக்கிவைக்கும் சிறு செய்நிரலொன்றை முன்னே வைக்கின்றது. விளைவு ஒரு கோப்புறையாகவோ தனிக் கோப்பாகவோ அமையலாம். தனிக் கோப்பு கையாள்வதற்கு இலகுவானது. எனினும் ஒவ்வொரு முறையும் தற்காலிகக் கோப்புறையொன்றில் தன்னை விரித்துக்கொண்ட பின்னரே இயங்குவதால், தொடங்குவதற்குத் தாமதமாகும்.

இம்முறையின் குறைபாடுகளும் அதன் இயல்பிலிருந்தே எழுகின்றன. இயங்கும் வேளையிலேயே பெயர் தீர்மானிக்கப்படும் தொகுதிகளை மூலவரிகளைப் படித்து மட்டும் கண்டறிய முடியாது; அவற்றைச் செய்நிரலாளரே எடுத்துச் சொல்லவேண்டும். எழுத்துருக்கள், படங்கள், அகராதிக் கோப்புகள் முதலியனவும் அவ்வாறே. தமிழ் ஆய்வாளர் பிறிதொன்றிலும் கருத்தூன்றுதல் வேண்டும். விண்டோஸில் பைதன் நெடுங்காலமாகக் கோப்புகளை அந்தந்தக் கணினியின் பழைய குறிமுறையிலேயே திறந்துவந்தது. யூடிஎஃப்-8 என வெளிப்படையாகக் குறிப்பிடப்படாத செய்நிரல், லினக்ஸில் பழுதின்றி வாசித்த தமிழ்ப் பாடத்தை அங்கு சிதைத்துவிடக்கூடும். பொதி பழுதற்றதாக இருப்பினும், உள்ளிருக்கும் பாடம் பழுதுபடலாம்.

மூன்று முறைமைகள்

பைஇன்ஸ்டாலர் தான் இயங்கும் பணிசெயல் முறைமைக்குரிய பொதியையே ஆக்கவல்லது. விண்டோஸ் பொதிக்கு விண்டோஸ் கணினியும், மக்ஓஎஸ் பொதிக்கு அப்பிள் கணினியும் தேவைப்படுகின்றன. 2020இல் அப்பிள் நிறுவனம் தனது சொந்தச் சில்லுகளுக்கு மாறத் தொடங்கியதிலிருந்து, மக்ஓஎஸ்ஸுக்குள்ளேயே இருவகை இயந்திரங்களைக் கருத்திற் கொள்ளவேண்டியதாயிற்று. லினக்ஸின் சிக்கல் வேறுவகையானது. அங்கு அடிப்படைச் சி நூலகம் பொதியினுள் சேர்க்கப்படுவதில்லை. புதிய பதிப்பில் ஆக்கப்பட்ட பொதி பழைய பதிப்புள்ள கணினியில் இயங்க மறுக்கும். ஆகவே, ஆதரிக்க விரும்பும் முறைமைகளுள் மிகப் பழையதிலேயே பொதியை ஆக்குதல் வேண்டும். புத்தம்புதிய கணினியை உடையோர் தம்மைப் போன்றோருக்கே பொதி செய்ய நேரும் இந்நிலை சிந்தனைக்குரியது.

மாற்று வழிகளும் உள்ளன. நுயிட்கா என்னும் கருவி பைதன் வரிகளைச் சி மொழிக்கு மாற்றி இயந்திரமொழியாக்குகின்றது. பிரீஃப்கேஸ் என்பது ஒவ்வொரு முறைமைக்கும் இயல்பான பொதி வடிவத்தை ஆக்கித்தர முயல்வது. பெரிய முயற்சிகள் தமக்கெனத் தனிக் கருவிகளை அமைத்துக்கொள்வதும் உண்டு. 2006இல் கோவிட் கோயல் தொடங்கிய ‘கலிபர்’ என்னும் மின்னூல் முகாமைச் செய்நிரல் இதற்குத் தக்க சான்றாகும். பெரும்பாலும் பைதனில் எழுதப்பட்ட அது மூன்று முறைமைகளுக்கும் தன் பொதிகளைத் தானே ஆக்கி வெளியிடுகின்றது. லினக்ஸ் விநியோகங்கள் தரும் கலிபர் பொதிகள் பழையனவாகவும் பழுதுடையனவாகவும் இருப்பதுண்டு என்பதால், தனது பொதியையே நிறுவுமாறு பயனர்க்கு அறிவுறுத்துகின்றது.

வாயிலும் வாடகையும்

பொதி ஆக்கப்பட்ட பின்னரும் அது மாணவரிடம் தடையின்றிச் சேரும் என்பதற்கில்லை. 2012இல் அப்பிள் தனது முறைமையில் ஒரு வாயிற்காவலை ஏற்படுத்தியது. 2019இல் வந்த மக்ஓஎஸ் 10.15 முதல், இணையத்திலிருந்து பெறப்படும் செய்நிரல் அந்நிறுவனத்தின் பரிசோதனைக்கு முன்கூட்டியே அனுப்பப்பட்டிருத்தல் வேண்டும். இன்றேல் எச்சரிக்கை தோன்றி வழிமறிக்கும். அதற்கான உறுப்புரிமைக் கட்டணம் ஆண்டொன்றுக்கு 99 அமெரிக்க டொலர். 2024இல் வந்த பதிப்பில், எச்சரிக்கையைப் பயனர் கடந்து செல்லும் எளிய வழியும் நீக்கப்பட்டது. விண்டோஸிலும் கையொப்பமற்ற, பலர் இறக்கிப் பயன்படுத்தியிராத கோப்பு ஐயத்துடனேயே நோக்கப்படுகிறது. கையொப்பத்துக்கான இரகசியத் திறவுகோல் பாதுகாப்பான வன்பொருளிலேயே இருக்கவேண்டும் என்னும் விதி 2023 யூன் முதல் செலவை மேலும் உயர்த்தியது. பைஇன்ஸ்டாலரின் தொடக்கச் செய்நிரலைத் தீயோரும் பயன்படுத்துவதனால், குற்றமற்ற பொதிகளையும் வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்கள் தவறாகத் தடுத்துவிடுகின்றன.

இக்காவல் முற்றிலும் வீணானது என்பது நமது வாதமன்று. நச்சுநிரல்களால் ஏற்படும் இழப்பு உண்மையானது. அதனால் மிகுதியும் பாதிக்கப்படுபவர் தொழினுட்பம் அறியாத பயனரே. ஆயின் அப்பாதுகாப்பின் செலவை யார் ஏற்கின்றார் என்னும் வினாவைத் தவிர்க்கவியலாது. பெருநிறுவனத்துக்கு அற்பமான தொகை, இலவசமாகத் தன் கருவியை வழங்கவிரும்பும் ஆய்வாளருக்கு ஆண்டுதோறும் செலுத்தவேண்டிய வாடகையாகின்றது. மூன்று முறைமைகளிலும் பொதி ஆக்குவதற்குத் திறந்தமூலச் செயற்றிட்டங்களுக்குக் கிட்ஹப் இலவசமாக இயந்திரங்களை அளிக்கின்றது, அது பயனுடையதே. கிட்ஹப்பை 2018இல் மைக்ரோசொப்ட் வாங்கியது என்பதையும் உடன் நினைவிற் கொள்ளல் தகும்.

உரிமமும் உழைப்பும்

பொதியாக்கம் பிறர் உழைப்பைத் தன்னுள் அடக்குவதால், உரிமம் பற்றிய வினாவும் எழுகின்றது. கியூட்டி என்னும் இடைமுக நூலகத்தைப் பைதனில் பயன்படுத்த இரு வழிகள் உள. பைக்கியூட்டி ஜிபிஎல் உரிமத்திலோ விலைக்கோ கிடைக்கும். 2009இல் நொக்கியா வெளியிட்ட பைசைட் சற்று நெகிழ்ச்சியான எல்ஜிபிஎல் உரிமத்தில் வந்தது. எதனைத் தெரிகிறோமோ அதற்கேற்ப, மூலவரிகளை வழங்கும் கடப்பாடும் மாறுகின்றது. பொதியாக்கினால் மூலவரிகள் மறைந்துவிடும் என்று நம்புவதும் தவறு. பைஇன்ஸ்டாலர் பொதியினுள் இருப்பது இடைநிலைக் குறியே. அதிலிருந்து மூலத்தைப் பெருமளவு மீட்டெடுத்தல் இயலும்.

தொகுத்து நோக்குமிடத்து, விநியோகம் எழுதி முடித்த பின் தொடங்கும் பணியன்று என்பது புலனாகும். எந்நூலகத்தைத் தெரிவது, எப்பழைய கணினியை ஆதரிப்பது, எக்குறிமுறையில் எழுதுவது என்னும் தீர்மானங்கள் முதல் நாளிலேயே எடுக்கப்படவேண்டியவை. ஆய்வாளர் தனியராக நின்று கையொப்பச் செலவைச் சுமப்பதினும், பல்கலைக்கழகம் தன் பெயரில் ஒரு கையொப்பத்தைப் பெற்று, தன் ஆய்வாளர் அனைவரதும் கருவிகளை மூலவரிகளுடன் வெளியிடுதல் நடைமுறைக்கு ஒத்த வழியாகும். நூலகமொன்றை நடத்துவதற்கு வேண்டிய செலவோடு ஒப்பிடுகையில் இது மிகச் சிறிது. அவ்வேற்பாடு இல்லாதவரை, எழுதியவரின் கணினியில் மாத்திரம் இயங்கும் கருவிகள் நம்மிடையே பெருகும். சொல்லடைவு வேண்டிநின்ற மாணவர் அதனைக் கையாலேயே எழுதிக்கொண்டிருப்பார்.