உங்க வீட்டு டாமிக்கு என்ன பிடிக்கும்?

'குளிப்பாட்டி நடு வீட்டில் வைத்தாலும்...' என்று நாயைப் பற்றி ஒரு பழமொழி உண்டு. மீதியை நான் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். அந்தப் பழமொழியைச் சொன்ன பெரியவர் இன்றைக்கு நம் வீடுகளுக்கு வந்து பார்த்தால் மயக்கம் போட்டு விழுந்துவிடுவார். ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, தலைமுடி உலர்த்துகிற மெஷினால் காய வைத்து, நடு வீட்டில் என்ன... ஏ.சி. அறையில் நடுக் கட்டிலிலேயே அல்லவா படுக்க வைத்திருக்கிறோம்!

"மனுஷங்களுக்கு நாடி பிடிக்கிற டாக்டருக்கு நாய் விஷயத்துல என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். கால்நடை மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் என்னிடம் மூட்டு வலிக்கும் சர்க்கரைக்கும் வருகிறவர்களில் பலர், மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தபடியே, "அப்புறம் டாக்டர்... எங்க டாமிக்கு உடம்பு பூரா உண்ணி. நம்ம மருந்துல ஏதாச்சும் இருக்கா?" என்று மெல்ல ஆரம்பிப்பார்கள்.

அவர்களுக்கு நான் சொல்லும் பதில், ஒரு தப்பைச் செய்து கற்றுக்கொண்ட பதில்.

எங்கள் வீட்டில் கருப்பன் என்று ஒருவன் இருக்கிறான். சுத்தமான தெரு ஜாதி. என் மகள் ஒரு பிராணிகள் காப்பகத்திலிருந்து கூட்டி வந்தாள். வந்த புதிதில் காது மடலுக்குள், விரல் இடுக்கில் எல்லாம் உண்ணி. 'இதற்கு எதற்கு இன்னொரு டாக்டர்? நாமே பார்த்துக்கொள்வோம்' என்று எனக்கு ஒரு மிதப்பு. தேங்காய் எண்ணெயைச் சுட வைத்து, கற்பூரத்தைப் பொடித்துப் போட்டு, ஆறியதும் உடம்பு முழுக்கத் தடவிவிட்டேன். மனிதர்களின் மார்ச்சளிக்கு மேல்பூச்சாகப் பூசுவதுதானே!

ஒன்றை மறந்துவிட்டேன். நாம் தடவினால் தடவியதுதான். நாய் நக்கும். அரை மணி நேரத்தில் வாயில் நுரையாக எச்சில், வாந்தி, கால்கள் நடுக்கம். ஆட்டோ பிடித்துக் கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். சின்ன வயதுப் பெண் டாக்டர். கற்பூரம் நாய்க்கு விஷம், வயிற்றுக்குள் அதிகம் போனால் வலிப்பே வந்துவிடும் என்று சொல்லிவிட்டு, "சார், நீங்களும் டாக்டர்னு சொல்றீங்க..." என்று பாதியில் நிறுத்தினார். அந்த மீதிப் பாதி இன்னமும் என் காதில் இருக்கிறது.

அதனால், கற்பூரம், நீலகிரித் தைலம், வலி நிவாரணத் தைலம் எதுவும் நாயின் மேல் வேண்டாம். மண்ணெண்ணெய், பினாயில் ஊற்றிக் கழுவுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து கூடாது. உண்ணிக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்தும் வாயில் கொடுக்கும் மாத்திரையும் இருக்கின்றன. எடை பார்த்து, வயது பார்த்து, கால்நடை மருத்துவர்தான் கொடுக்க வேண்டும். உண்ணி வெறும் அரிப்பு சமாச்சாரம் இல்லை. உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சாப்பாட்டை வெறுக்கும், ஈறு வெளுத்துவிடும். ரத்தப் பரிசோதனை செய்யாமல் நாளைக் கடத்தினால் ஆளையே கொண்டுபோய்விடும்.

வாய்க்கு ருசியாக...

நாய்க்குச் செல்லம் கொடுப்பது என்றாலே நமக்கு முதலில் தோன்றுவது சாப்பாடுதான். நாம் சாப்பிடும்போது அது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற பார்வை இருக்கிறதே, கல்லும் கரையும்! "பாவம், ஒரு வாய்" என்று பாட்டி பாயசத்தை ஊற்றுவார். அதில் மிதக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யக் கூடியது. பச்சைத் திராட்சையும் அப்படித்தான். சாம்பாரிலும் குருமாவிலும் இருக்கிற வெங்காயமும் பூண்டும் அதன் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சாக்லேட்டும் காபியும் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சைலிட்டால் என்று ஓர் இனிப்பு சேர்க்கிறார்கள். நமக்கு ஒன்றும் செய்யாத அது, நாயின் ரத்தச் சர்க்கரையைத் தடாலடியாகக் கீழே இறக்கிவிடும். வெந்த கோழி எலும்பு ஊசி மாதிரி பிளந்து குடலில் குத்தும்.

"அப்ப என்னதான் டாக்டர் கொடுக்கிறது?" உப்பு, காரம், மசாலா இல்லாமல் வேகவைத்த எலும்பில்லாத கோழி, முட்டை, கேரட், பூசணி, வெள்ளரித் துண்டு. கொஞ்சம் தயிர் பல நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும். பால் பெரும்பாலும் வளர்ந்த நாய்களுக்குக் கழிச்சலைத்தான் கொடுக்கும். இதெல்லாம்கூட எப்போதாவது ஒரு துண்டு என்ற கணக்கில்தான். விலாவில் கை வைத்துப் பாருங்கள். எலும்பு லேசாகத் தட்டுப்பட வேண்டும். எலும்பைத் தேட வேண்டியிருந்தால், டாமிக்கு நீங்கள் கொடுத்தது செல்லம் அல்ல, மூட்டு வலி.

மனிதருக்கான வலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம்.

சரி, தடைகளாகவே சொல்லிக்கொண்டு போகிறேன். சந்தோஷமான சங்கதிக்கு வருவோம்.

நாய்க்கு உலகமே மூக்கில்தான் இருக்கிறது. காலையில் வாக்கிங் கூட்டிப் போகிறோம். அது ஒரு கம்பத்தருகே நின்று முகர்கிறது. நாம் சங்கிலியைப் பிடித்து இழுக்கிறோம், "வாடா, ஆபீஸுக்கு நேரமாச்சு!" பேப்பர் படித்துக்கொண்டிருக்கிற மனுஷனிடமிருந்து பேப்பரைப் பிடுங்குகிற மாதிரி இது! வாரத்தில் இரண்டு நாளாவது அது போகிற வழியில் நீங்கள் போங்கள். முகரட்டும், நிற்கட்டும், திரும்பி வந்து இன்னொரு தடவை முகரட்டும். இருபது நிமிஷம் இப்படிப் போய் வந்தால் கருப்பன் வீட்டுக்கு வந்து அடித்துப் போட்ட மாதிரி தூங்குவான். ஒரே ஒரு எச்சரிக்கை. கோடையில் தார் ரோட்டில் உங்கள் புறங்கையை வைத்து ஏழு வரை எண்ணிப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். செருப்பில்லாத பாதம்!

மழை நாளில் வீட்டுக்குள்ளேயே விளையாடலாம். ஒரு பழைய துண்டை விரித்து, கேரட் துண்டுகளை அங்கங்கே வைத்துச் சுருட்டி முடிச்சுப் போட்டுக் கொடுங்கள். மூக்காலும் காலாலும் பிரித்தெடுக்க அரை மணி நேரம் ஆகும். கிழிந்த லுங்கியை மூன்று பட்டையாக்கிச் சடை பின்னுகிற மாதிரி பின்னினால் இழுத்து விளையாடக் கயிறு ரெடி. கடையில் விற்கும் விலையுயர்ந்த பொம்மைக்கு இது ஒன்றும் குறைச்சல் இல்லை. துணியைக் கடித்து விழுங்குகிறதா என்று மட்டும் பக்கத்திலேயே இருந்து பாருங்கள்.

என் துறை சம்பந்தமாகவும் ஒன்று. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று ஒரு முறை உண்டு, உடம்பைப் பிடித்துவிடுவது. நாய்க்கு எண்ணெய் வேண்டாம், வெறும் கை போதும். காதின் அடிப்பகுதி, கழுத்து, நெஞ்சு ஆகிய இடங்களில் மெதுவாக, வட்டமாக. வாலையும் பாதத்தையும் பெரும்பாலான நாய்கள் தொட விடாது. விட்டுவிடுங்கள். இதில் உங்களுக்கும் லாபம் இருக்கிறது. நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டிருந்தால் இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கூடுகிறது என்று ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2015-ல் வெளியிட்டார்கள். தாய்க்கும் குழந்தைக்கும் இடையே பாசத்தை வளர்க்கும் அதே ஹார்மோன்! (இதைப் படித்துவிட்டுத் தெரு முனையில் நிற்கும் அறிமுகமில்லாத நாயை முறைத்துப் பார்க்காதீர்கள். அதன் பாஷையில் அதற்கு அர்த்தம் சண்டை.)

தீபாவளி ராத்திரி மட்டும் விளையாட்டு, கொஞ்சல் எதுவும் பலிக்காது. நமக்கு இருபதாயிரம் ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்றால், நாய்க்கு நாற்பதாயிரத்தையும் தாண்டிக் கேட்கும். சின்ன அறையில், ஜன்னலைச் சாத்தி, ஃபேனை வேகமாக ஓடவிட்டு, நீங்களும் கூடவே உட்காருங்கள்.

கழுத்தில் தொங்கிய பெயர்

கருப்பனைக் கூட்டி வரப் போன அன்று காப்பகத்தில் ஒரு லாப்ரடாரைப் பார்த்தேன். வயதானது, இடுப்பு விழுந்துவிட்டது. கழுத்துப் பட்டையில் தங்க முலாம் பூசிய சின்னத் தகடு, அதில் அழகாக ஒரு பெயர். கூடவே ஓர் இதயம் வேறு! அந்தத் தகட்டை ஆசை ஆசையாகச் செய்து போட்டவர் யாரோ. அதற்குப் பிறந்த நாள் கொண்டாடியிருப்பார், கேக் வெட்டியிருப்பார். ஒருநாள் விடியற்காலையில் கேட்டில் கட்டிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அங்கிருந்த பையன் சொன்னான், "பேரைச் சொல்லிக் கூப்பிட்டா கேட்டைத்தான் சார் பாக்குது."

காப்பகங்களில் தெரு நாய்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். ஒரு வரிசை முழுக்க ஜாதி நாய்கள். வீடு மாறினோம், குழந்தை பிறந்தது, வெளிநாடு போகிறோம், நோய் வந்துவிட்டது... காரணங்களுக்கா பஞ்சம்? நாம் காப்பகத்துக்குச் செய்யக்கூடிய முதல் உதவி, நம் வீட்டு நாயை அங்கே கொண்டுபோய் விடாமல் இருப்பதுதான். வாங்குமுன் பத்துப் பன்னிரண்டு வருஷக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முடியாதென்றால் வாங்காதீர்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

நாய் வளர்க்க முடியாதவர்களுக்கும் இங்கே வேலை இருக்கிறது. சென்னையில் கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும் 1959-ல் ப்ளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கியபோது பெரிய கட்டடம் எல்லாம் இல்லை, தங்கள் வீட்டில்தான் ஆரம்பித்தார்கள். தெரு நாய்களைப் பிடித்துக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து தடுப்பூசி போடலாம் என்று 1964-லிலேயே அங்கே ஆரம்பித்துவிட்டார்கள். சென்னை மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆயிற்று. இன்று காது நுனியில் சின்ன வெட்டோடு ஒரு தெரு நாயைப் பார்த்தால், அதற்கு அறுவைச் சிகிச்சை ஆகிவிட்டது என்று அர்த்தம்.

இப்படிப்பட்ட இடங்களுக்கு எதைக் கொடுக்கலாம்? போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். பலர் பிரியாணிப் பொட்டலத்தோடு போய் நிற்கிறார்கள். அங்கே தேவைப்படுவது பெரும்பாலும் அரிசி, பழைய பெட்ஷீட், காட்டன் புடவை, செய்தித்தாள், கழுத்துப் பட்டை, துடைப்பம், வாளி. உங்கள் வீட்டுப் பரணில் இதில் பாதி தூங்கிக்கொண்டிருக்கும். டாமிக்குப் பிறந்த நாளா? கேக்குக்கு ஆகும் செலவில் ஒரு தெரு நாயின் கருத்தடைச் செலவில் பாதியையாவது ஏற்றுக்கொள்ளலாம். கொடுத்த பணத்துக்கு ரசீது கேட்டு வாங்குங்கள், அதில் கூச்சம் வேண்டாம். எங்கள் அடுக்குமாடியில் குழந்தைகள் கொலு சமயத்தில் ஓர் உண்டியல் வைத்தார்கள். சுண்டல் வாங்க வந்த மாமிகளை விடவில்லை, உண்டியலைக் குலுக்கிக் குலுக்கியே இரண்டு மூட்டை அரிசிக்குச் சேர்த்துவிட்டார்கள்!

பணத்தைவிட அவர்களுக்கு அருமையானது ஆள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம். குளிப்பாட்ட, நடத்திக் கூட்டிப்போக, சும்மா பக்கத்தில் உட்கார. மனிதர் பழக்கமே இல்லாத நாயை யாரும் தத்தெடுப்பதில்லை. நீங்கள் போய்ப் பழக்கிக் கொடுத்தால் அதற்கு ஒரு வீடு கிடைக்க வழி பிறக்கும். சில இடங்களில் குட்டிகளை ஓரிரு மாதம் வீட்டில் வைத்து வளர்த்துத் திருப்பித் தரும் ஏற்பாடும் உண்டு. திருப்பித் தரும்போது வீடே அழும், அதற்குத் தயாராக இருங்கள். தத்தெடுக்க நினைத்தால் நாட்டு நாயைப் பாருங்கள். நம் வெயிலுக்குப் பிறந்த உடம்பு அது.

இப்படி அடிக்கடி நாய்களோடு பழகப் போகிறவர்கள், முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். வீட்டு நாய்க்கு மூன்று மாதம் நிறைந்ததும் ஆரம்பித்து, டாக்டர் சொல்கிறபடி ஆண்டுதோறும் போட வேண்டும்.

இன்னொன்று. இதைச் சித்த மருத்துவனாகவே சொல்கிறேன். "நாய்க்கடிக்கு உங்ககிட்ட மருந்து இருக்குமாமே?" என்று கேட்டு என்னிடம் இன்னமும் வருகிறார்கள். இல்லை. கடியோ பிறாண்டலோ, வளர்ப்பு நாயோ தெரு நாயோ, காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்ப வேண்டாம். நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எத்தனை தவணை ஊசி சொல்கிறார்களோ அத்தனையும் போடுங்கள். நடுவில் நிறுத்தக் கூடாது. ஆழமான காயமென்றால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் செலுத்துவார்கள், பயப்படாதீர்கள். ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால், பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். ஊசி போடாமல் பத்தியம் இருந்து நாளைக் கடத்திவிட்டுக் கடைசியில் வந்து நிற்பவர்களுக்கு எந்த மருத்துவத்திலும் வழி இல்லை. உங்கள் வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்கும், வாட்ச்மேனுக்கும், பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

மணி ஐந்தரை ஆகிறது. கருப்பன் சங்கிலியைக் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் போட்டுவிட்டு நிற்கிறான். இன்றைக்கு அவன் இஷ்டப்படி போகிற நாள். வரட்டுமா?