மாமியாருக்கு ஒரு படித்துறை, மருமகளுக்கு ஒரு படித்துறை!

கூட்டுக் குடும்பமா, தனிக்குடித்தனமா? பட்டிமன்ற நடுவர்கள் இன்னும் தீர்ப்புச் சொல்லி முடிக்கவில்லை. அதற்குள் நாம் திருச்சிப் பக்கம் ஒரு ரவுண்டு போய் வந்துவிடலாம். அசந்துபோவீர்கள்!

திருச்சியிலிருந்து துறையூர் போகிற வழியில் திருவெள்ளறை. அங்கே ஸ்வஸ்திக் வடிவில் ஒரு கிணறு. நாலு பக்கமும் வாசல், நாலு பக்கமும் படிக்கட்டு. ஒரு துறையில் குளிப்பவர், அடுத்த துறையில் குளிப்பவர் கண்ணில் படவே மாட்டார்! ஊர்க்காரர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? மாமியார்–மருமகள் கிணறு!

படி இறங்கிப் பாருங்கள். நேராகப் போகிற வழி சட்டென்று பக்கவாட்டில் மடங்கும். அவ்வளவுதான், வாசலில் நிற்பவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். தண்ணீர் பொது, படி தனி!

கிணற்றின் வயது? சுமார் 1,200! பல்லவ மன்னன் தந்திவர்மனின் 4ஆம் ஆட்சியாண்டில் தோண்ட ஆரம்பித்து, 5ஆம் ஆண்டில் முடித்துவிட்டார்கள். கல்வெட்டில் இதன் பெயர் மாற்பிடுகு பெருங்கிணறு!

தோண்டியவர் கம்பன் அரையன். கல்வெட்டு அவரை எப்படி அறிமுகம் செய்கிறது தெரியுமா? ஆலம்பாக்கத்து விசயநல்லுழானின் தம்பி என்று! ஊர் பேர் முதலில், அண்ணன் பேர் அடுத்து, அப்புறம்தான் தன் பேர். கிணறு வெட்டிய பெருமையிலும் அண்ணனுக்குப் பங்கு!

சிபிச் சக்கரவர்த்தி திருவெள்ளறையில் 3,700 வைணவக் குடும்பங்களைக் குடியமர்த்தினார் என்கிறது தலபுராணம். வந்ததில் ஒன்று குறைந்துபோனதாம். கணக்குச் சரியாக வரவேண்டுமே! பெருமாளே ஒரு ஆளாக வந்து 3,700ஐ நிரப்பிவிட்டார்!

திருவெள்ளறைப் பெருமாள் கோயிலில் சுவாமி புறப்பாடு என்றால் முதலில் யார் போவார்? பெருமாள் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லை! பங்கயச்செல்வித் தாயார் முன்னே, புண்டரீகாட்சப் பெருமாள் பின்னே. இந்த வீட்டில் முதல் மரியாதை அம்மாவுக்குத்தான்!

இதே கோயிலில் நாழிகேட்டான் வாசல் என்று ஒன்று உண்டு. வெளியே போன பெருமாள் நேரம் கழித்துத் திரும்ப, "ஏன் இவ்வளவு நேரம்?" என்று தாயார் நிறுத்திக் கேட்ட இடமாம் அது. உங்கள் வீட்டு வாசல் ஞாபகம் வருகிறதா!

ஒரே கோயிலுக்கு இரண்டு வழி! தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். ஆளுக்கு ஆறு மாதம்!

சாயங்காலமானால் குழந்தைக்குத் திருஷ்டி கழிக்க ஒரு பாட்டி வேண்டாமா? பெரியாழ்வார் இந்த ஊர்ப் பெருமாளையே குழந்தையாக்கி, அந்திக்குக் காப்பிட வா என்று கூப்பிட்டுப் பாடியிருக்கிறார். ஆண்டவனுக்கே திருஷ்டி!

ஸ்ரீரங்கத்துக்கு வாருங்கள். பங்குனியில் உற்சவர் நம்பெருமாள் உறையூர் போய் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டு திரும்புகிறார். ரங்கநாயகித் தாயாருக்கு வந்ததே கோபம்! கதவு சாத்தப்படுகிறது, வாழைமட்டை அடி விழுகிறது. சமாதானம் செய்து வைப்பவர் நம்மாழ்வார். வீட்டில் பெரியவர் ஒருவர் இருந்தால் எவ்வளவு வசதி பாருங்கள்!

சமயபுரம் மாரியம்மன் யார்? ஸ்ரீரங்கம் ரங்கநாதரின் தங்கை! தைப்பூசத்துக்கு அம்மன் கொள்ளிடக் கரைக்கு வருகிறாள். ஸ்ரீரங்கத்திலிருந்து பட்டு, மாலை, மங்கலப் பொருள்கள் என்று அண்ணன் வீட்டுச் சீர் வந்து இறங்குகிறது. தங்கை தனிக்குடித்தனம் போனால் என்ன, சீர் நிற்குமா!

பிள்ளைகளுக்காக அம்மா விரதம் இருப்பாள். தெய்வம் இருக்குமா? சமயபுரத்தாள் இருக்கிறாள்! பச்சைப் பட்டினி விரதம். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, 28 நாள்!

தனிக்குடித்தனத்தில் பிரசவம் என்றால் திண்டாட்டம்தான். திருச்சி மலைக்கோட்டைத் தலபுராணத்தைக் கேளுங்கள். காவிரியில் வெள்ளம். அக்கரையில் அம்மா, இக்கரையில் பிரசவ வலியில் ரத்னாவதி. அம்மா வேடத்தில் வந்து பேறுகாலம் பார்த்தவர் சாட்சாத் சிவபெருமான்! அதனால்தான் அவர் தாயுமானவர். செட்டிப்பெண் மருத்துவம் என்று இன்றைக்கும் விழா நடக்கிறது!

செட்டிநாட்டு வீடு அரண்மனை மாதிரி. உள்ளே எத்தனை அடுப்பு? கல்யாணமான மகன்கள் எத்தனை பேரோ அத்தனை! மகனுக்குக் கல்யாணமானதும் அதே வீட்டுக்குள் 'வேறு வைத்து' விடுவார்கள். உள்கட்டு வளவில் அவனுக்குத் தனி அறை, தனிச் சமையல். கூட்டுக் குடும்பமும் தனிக்குடித்தனமும் ஒரே கூரையில்!

செட்டிநாட்டு நகரத்தார் ஆள் கணக்கு எடுப்பதில்லை, புள்ளிக் கணக்குத்தான்! கல்யாணமானால்தான் ஒரு புள்ளி. கோயில் வரியும் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான்!

நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் சொத்து மகனுக்குப் போகாமல் மருமகனுக்கு, அதாவது சகோதரி மகனுக்குப் போனது. அதனால் வந்த வீட்டுச் சண்டைகளை வைத்தே கவிமணி ஒரு நூல் எழுதிவிட்டார். 1926இல் சட்டம் வந்தது, வழக்கம் மாறியது!

யாழ்ப்பாணத்தில் வீடு யாருக்கு? மகளுக்கு! சீதனமாக வீடு போகும், மாப்பிள்ளை அங்கே குடிவருவார். அந்த ஊர் வழக்கச் சட்டமான தேசவழமையை டச்சுக்காரர்கள் தொகுத்த ஆண்டு 1707!

இந்துக்களின் பூர்வீகக் கூட்டுச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு. இந்தியா முழுக்க இது வந்தது 2005இல். தமிழ்நாட்டில் கல்யாணமாகாத மகள்களுக்கு 1989லேயே வந்துவிட்டது. 16 வருடம் முந்திக்கொண்டோம்!

கேரளம் இன்னும் ஒரு படி மேலே. இந்துக் கூட்டுக் குடும்ப முறையையே சட்டம் போட்டு ஒழித்துவிட்டது. அமலுக்கு வந்த நாள் 1976 டிசம்பர் 1!

வருமான வரி அலுவலகத்தில் மட்டும் கூட்டுக் குடும்பம் ஜம்மென்று இருக்கிறது. இந்துக் கூட்டுக் குடும்பத்துக்குத் தனி பான் கார்டு உண்டு. அப்பாவுக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று!

வயதான பெற்றோரைக் கைவிட்டால்? 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 மாதம் வரை சிறை! பிள்ளை எந்த ஊரில் தனிக்குடித்தனம் நடத்தினாலும் தப்ப முடியாது.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள் 7 கோடியே 21 லட்சம். குடும்பங்கள் சுமார் 1 கோடியே 85 லட்சம். வகுத்துப் பாருங்கள். வீட்டுக்கு 3.9 பேர். முழுசாக நாலு பேர்கூட இல்லை!

ஜப்பானில் 2020இல் எண்ணினார்கள். நூறு வீட்டுக்கு 38 வீட்டில் ஒரே ஒரு ஆள்! நேர்மாறாக, மிசோரம் பக்தாங் கிராமத்தில் சியோனா என்பவர் கட்டிய வீட்டைப் பாருங்கள். நாலு மாடி, 100 அறை, எல்லாம் ஒரே குடும்பத்துக்கு! 2021இல் அவர் காலமானார்.

விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்', 1986. பிரிந்த குடும்பம் ஒன்று சேரும் நேரத்தில் மூத்த மருமகள் என்ன சொன்னாள்? தள்ளியே இருப்போம், பாசமாக இருப்போம் என்றாள்! தியேட்டர் கைதட்டியது. சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதை வாங்கிய முதல் தமிழ்ப் படம் அதுதான்!

அந்த மருமகள் சொன்னதற்குச் சிங்கப்பூர் அரசு விலையே போட்டுவிட்டது. அரசு வீடமைப்புக் கழக வீட்டை மறுவிற்பனையில் வாங்குகிற குடும்பம் பெற்றோரோடு சேர்ந்து இருந்தால் 30,000 வெள்ளி மானியம். தனி வீடு, ஆனால் பெற்றோர் 4 கிலோமீட்டருக்குள் என்றால் 20,000 வெள்ளி. அங்குள்ள நம் தமிழர்களுக்கும் இதே கணக்குத்தான்!

சேர்ந்து இருங்கள், தனித்து இருங்கள், கூப்பிட்டால் எட்டுகிற தூரத்தில் இருங்கள். உங்கள் வீட்டிலிருந்து அம்மா வீடு எத்தனை கிலோமீட்டர்? நாலுக்குள் என்றால், சிங்கப்பூர் ரேட்டில் உங்கள் கையில் இப்போதே 20,000 வெள்ளி!