ஐந்தாண்டுப் பயணத்தின் மிச்சம்

அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1966 செப்டம்பர் 8ஆம் தேதி தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடர், எண்டர்பிரைஸ் என்னும் விண்கப்பலின் பயணம் ஐந்து ஆண்டுகள் நீடிக்கும் என்று ஒவ்வொரு வாரமும் தன் முகப்பிலேயே அறிவித்து வந்தது. ஆனால் தொடர் நீடித்தது மூன்றே ஆண்டுகள். 79 எபிசோடுகளுக்குப் பிறகு, 1969 ஜூன் 3ஆம் தேதி, பயணம் நிறைவேறியதா, கப்பல் பூமிக்குத் திரும்பியதா என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், வழக்கமான ஒரு வாரக் கதையோடு அது நின்றுபோனது. பத்தாண்டு கழித்து 1979இல் முதல் திரைப்படம் வெளிவந்தபோது, கப்பலின் தலைவர் கிர்க் அட்மிரலாகிப் பூமியில் பணியாற்றுகிறார்; அவருடைய துணைவரும் பாதி வேற்றுக்கிரகத்தவருமான ஸ்போக், உணர்ச்சிகளை முற்றாகத் துறக்கும் நோக்கத்தோடு தன் வல்கன் கிரகத்துக்குப் போய்விட்டிருக்கிறார். இந்த இரு நிலைகளுக்கும் இடையே நடந்ததை, 1973–74இல் வந்த 22 கார்ட்டூன் எபிசோடுகளைத் தவிர்த்துப் பார்த்தால், தொடரின் உரிமையாளர்கள் நடிகர்களைக் கொண்டு படமாக்கவே இல்லை. அந்த வேலையைச் செய்தவர்கள் ரசிகர்கள்.

ரசிகர் படைப்பு என்பது, ஒரு நூலையோ திரைப்படத்தையோ தொடரையோ விரும்பிய ஒருவர், அதன் பாத்திரங்களையும் உலகத்தையும் எடுத்துக்கொண்டு, உரிமையாளரின் நியமனம் இல்லாமலும் ஊதியம் இல்லாமலும் தாமே புதிதாக உருவாக்கும் படைப்பாகும். கதையாக எழுதுவதற்குக் காகிதம் போதும். 'ஸ்பாக்கனேலியா' என்ற முதல் ஸ்டார் ட்ரெக் ரசிகர் இதழ் 1967இலேயே, தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வெளிவந்தது. அதைத் தொடர்ந்து பெருகிய கதைகளில் பெரும்பகுதியை எழுதியவர்கள் பெண்கள் என்பது ஆய்வாளர்கள் பலரும் எடுத்துக்காட்டியுள்ள செய்தி. படமாக எடுப்பதற்கோ செட் வேண்டும், விளக்கு வேண்டும், கேமரா வேண்டும். ஆகவே டிஜிட்டல் கேமராவும் வீட்டுக் கணினியில் இயங்கும் படத்தொகுப்பு மென்பொருளும் மலிவான பிறகே, அதாவது 2000 முதற்கொண்டே, முழு நீள ரசிகர் தொடர்கள் தோன்ற முடிந்தது.

பழைய தொடரின் கதையமைப்பில் ஒரு தனித்தன்மை உண்டு. அதை விளங்கிக்கொண்டால்தான் ரசிகர்கள் தொடர்ந்து எடுத்தவற்றின் உண்மையான சிறப்பு புலப்படும். அக்கால அமெரிக்கத் தொலைக்காட்சியில் நாடகத் தொடர்களின் ஒவ்வொரு எபிசோடும் தனக்குள் முழுமை பெற்ற கதையாக இருக்க வேண்டும் என்பது எழுதாத விதியாக இருந்தது. ஒரு வாரம் பார்க்கத் தவறியவர் அடுத்த வாரம் குழம்பக்கூடாது; பின்னாளில் மறு ஒளிபரப்பு உரிமையை வாங்கும் உள்ளூர் நிலையங்கள் எந்த வரிசையில் ஒளிபரப்பினாலும் கதை கெடக்கூடாது. இதனால் கேப்டன் கிர்க் ஒரு வாரம் தான் காதலித்த பெண்ணைத் தன் கண்ணெதிரே சாகவிடுகிறார். மறுவாரம் எதுவுமே நடக்காதவர்போல் சிரிக்கிறார். வணிகத் தேவையால் பிறந்த மறதி இது. ஆனால் தொடர் நின்ற பிறகு, 1970களில், உள்ளூர் நிலையங்கள் அதைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியபோது, பார்வையாளர்கள் ஒரே எபிசோடைப் பலமுறை பார்த்து வசனம் வசனமாக மனத்தில் பதித்துக்கொண்டார்கள். தொடர் மறந்ததையெல்லாம் ரசிகர்கள் நினைவில் வைத்திருந்தார்கள் என்பதே பிற்காலத் தொடர்ச்சிகள் அனைத்துக்கும் மூலதனமாயிற்று.

ரசிகர்கள் எடுத்த இத்தகைய தொடர்களில் 'ஹிடன் ஃபிரண்டியர்' காலத்தால் முந்தியது. 2000 முதல் 2007 வரை 50 எபிசோடுகள் வந்த அது, புதிய பாத்திரங்களையும் பச்சைத் திரையின்மீது கணினியால் வரைந்த பின்னணியையும் நம்பியது. பழைய எண்டர்பிரைஸையே மரமும் பெயின்ட்டுமாக மீண்டும் கட்டி எழுப்பும் துணிவு ஜேம்ஸ் காலி என்பவருக்கு வந்தது. எல்விஸ் பிரெஸ்லியைப் போல் வேடமிட்டுப் பாடுவதைத் தொழிலாகக் கொண்டிருந்த இவர், பழைய தொடரின் ஆடை வடிவமைப்பாளரான வில்லியம் வேர் தைஸிடமிருந்து செட்டுகளின் மூல வரைபடங்களின் நகலைப் பெற்று, நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் கப்பலின் கட்டுப்பாட்டு அறையை அதே அளவில் கட்டினார். 'ஸ்டார் ட்ரெக்: நியூ வாயேஜஸ்' என்ற பெயரில் 2004 முதல் இணையத்தில் வெளியான இந்தத் தொடரில் காலி தாமே கிர்க்காக நடித்தார். நடிப்பு தொடக்கத்தில் மிகச் சாதாரணம். எனினும் செட்டைப் பார்த்த பழைய கலைஞர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பழைய தொடரின் எழுத்தாளர் டி. சி. ஃபோன்டானா எழுதிய 2006ஆம் ஆண்டு எபிசோடில், அன்று இளம் அதிகாரி செக்கோவாக நடித்த வால்டர் கோனிக் நடித்தார். 2007இல் வந்த 'வேர்ல்ட் இனஃப் அண்ட் டைம்' எபிசோடில், கப்பலைச் செலுத்தும் சூலுவின் பாத்திரத்துக்கு ஜார்ஜ் டகேய் திரும்பி வந்தார். அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற அந்தப் படைப்பு, 'டாக்டர் ஹூ' தொடரின் புகழ்பெற்ற 'ப்ளிங்க்' எபிசோடிடம் தோற்றது.

இந்த எபிசோடுகள் சந்தித்த சிக்கல் வேடிக்கையானது. நடிகருக்கு நாற்பது ஆண்டு வயது கூடிவிட்டது. கதையிலோ காலம் ஓர் ஆண்டுகூட நகரவில்லை. ஒப்பனையால் மறைக்க முடியாத இந்த இடைவெளியை எழுத்தாளர்கள் கதைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். செக்கோவை ஒரு நோய் விரைந்து முதுமையடையச் செய்கிறது. சூலு வேறொரு காலத்தில் சிக்கி, முப்பது ஆண்டுகளை அங்கே கழித்து, முதியவராக, தனக்குப் பிறந்த மகளோடு திரும்பி வருகிறார். பற்றாக்குறையைக் கதைப்பொருளாக மாற்றிய இந்த உத்தி, பெரிய நிறுவனங்களின் பணம் கொழிக்கும் தொடர்களில் அரிதாகவே காணப்படுவது.

இந்த முயற்சிகளின் உச்சம் 'ஸ்டார் ட்ரெக் கன்டினியூஸ்'. கார்ட்டூன் படங்களுக்குக் குரல் கொடுக்கும் கலைஞரான விக் மினோனா தயாரித்து கிர்க்காகவும் நடித்த இந்தத் தொடர், 2013 முதல் 2017 வரை, ஜார்ஜியா மாநிலத்தின் கிங்ஸ்லாந்து என்ற சிற்றூரில் படமாக்கப்பட்ட 11 எபிசோடுகளைக் கொண்டது. ஸ்போக்காக டாட் ஹேபர்கார்ன் நடித்தார். சூலுவாக, 'மித் பஸ்டர்ஸ்' அறிவியல் நிகழ்ச்சியால் அறியப்பட்ட பொறியாளர் கிரான்ட் இமஹாரா நடித்தார். தலைமைப் பொறியாளர் ஸ்காட்டியின் வேடத்தை, அதை முதலில் ஏற்று நடித்த ஜேம்ஸ் டூஹனின் மகன் கிறிஸ் டூஹன் ஏற்றார். தொடரை நடத்தியது இலாப நோக்கற்ற அமைப்பு. செலவுக்குப் பணம், பலரிடம் சிறு தொகைகளாக இணையவழி நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளம் முதலியவற்றின் வழியே வந்தது. 2013இல் நடந்த முதல் திரட்டலில் 1,26,000 டாலர் சேர்ந்தது. பழைய தொடரின் மூன்றாம் ஆண்டில் ஒரு எபிசோடுக்கு ஏறத்தாழ 1,80,000 டாலர், அதாவது இன்றைய மதிப்பில் பத்து லட்சம் டாலருக்கு மேல், செலவிடப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தால், இங்கே ஊதியமில்லா உழைப்பு எவ்வளவு பெரிய பங்கை வகித்தது என்பது விளங்கும்.

பழைய தொடரின் நகலாக இதை எண்ணிவிடக்கூடாது; நகலுக்கும் மறுநிர்மாணத்துக்கும் உள்ள வேறுபாடு நுட்பங்களில்தான் இருக்கிறது. 1960களின் ஒளிப்பதிவாளர்கள் சாம்பல் நிறச் சுவர்களின்மீது ஜெலட்டின் தாள் பொருத்திய விளக்குகளால் ஊதாவும் சிவப்புமாக ஒளி பாய்ச்சி, ஒரே அறையைப் பல அறைகளாகக் காட்டினார்கள்; பெண் பாத்திரங்களின் அண்மைக் காட்சிகளை மட்டும் மெல்லிய வடிகட்டியின் வழியே மங்கலாக்கினார்கள். கன்டினியூஸ் குழு இவற்றையெல்லாம் அப்படியே கையாண்டதோடு, இன்றைய அகலத் திரையைத் தவிர்த்துப் பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் 4:3 சட்டத்திலேயே படம் எடுத்தது. விளம்பர இடைவேளை இல்லாத இணையப் படத்தில்கூட, இடைவேளைக்கு முன் இசை உயர்ந்து காட்சி கறுத்துப்போகும் பழைய மரபு காக்கப்பட்டது. இது மிகை என்று சிலர் கருதலாம். ஆனால் கதை வேகம், வசனம், இசை ஆகிய அனைத்தும் அந்த இடைவேளைகளைச் சார்ந்து உருவானவை என்பதால், அவற்றை நீக்கினால் மற்றவையும் தளர்ந்துவிடும்.

இதைவிடப் பெரிய செய்தி, கதைகளில் இருக்கிறது. முதல் எபிசோடான 'பில்கிரிம் ஆஃப் எடர்னிட்டி', 1967இல் கிரேக்கத் தேவன் அப்போலோவாக வந்த மைக்கேல் ஃபாரஸ்டை 46 ஆண்டுகளுக்குப் பிறகு அதே பாத்திரமாகக் கொண்டுவந்து, வழிபட ஆளில்லாத தேவனுக்கு முதுமையில் என்ன நேரும் என்று கேட்டது. பச்சை நிறத் தோல் கொண்ட ஓரியன் பெண்ணைப் பழைய தொடர் கண்ணுக்கு விருந்தான நடனக்காரியாகவே காட்டியிருந்தது. 'லோலானி' என்னும் எபிசோடு அவளை விற்கப்பட்ட அடிமையாக, தன் விடுதலையைக் கேட்டு வாதாடும் மனுஷியாக முன்னிறுத்தியது. (அதில் அடிமை வணிகனாக நடித்தவர், 1970களில் பச்சை நிற 'ஹல்க்'காக வந்த லூ ஃபெரிக்னோ, அவருக்கு மீண்டும் பச்சைப் பூச்சு.) 2015இல் வந்த 'தி ஒயிட் ஐரிஸ்' எபிசோடில், கிர்க் காதலித்து இழந்த பெண்கள் ஒவ்வொருவராக அவர் முன் தோன்றுகிறார்கள், வாரந்தோறும் மறந்து சிரித்த மனிதர் அந்த மறதிக்குக் கணக்குத் தீர்க்க வேண்டியவராகிறார். பழைய தொடரின் கடைசி எபிசோடு, விண்கப்பலின் தலைமை பெண்களுக்கு மறுக்கப்பட்டது என்ற எண்ணத்தை விட்டுச் சென்றது. 2016இல் வந்த 'எம்பிரேசிங் தி விண்ட்ஸ்' அந்தக் களங்கத்தையே எடுத்து விவாதித்தது. மனநல ஆலோசகர் என்ற புதிய பதவியில் டாக்டர் மெக்கென்னா என்னும் பெண் பாத்திரம் சேர்க்கப்பட்டதும் இவ்வகையே: 1987இல் தொடங்கிய அடுத்த தலைமுறைத் தொடரில் இயல்பாக இருந்த அந்தப் பதவி எப்போது பிறந்தது என்ற கேள்விக்கு அது விடை தந்தது.

இவ்வளவு நினைவாற்றல் ஒரு சுமையாகவும் மாறியது. பழைய எபிசோடுகளை அறியாத ஒருவருக்கு இந்தக் கதைகளில் பாதி விளங்காது. எபிசோடுக்கு எபிசோடு பழைய பாத்திரங்கள் திரும்பி வருவதால், புதிய உலகங்களைத் தேடிப் புறப்பட்ட கப்பல் தன் பழைய தடத்தையே சுற்றிச் சுற்றி வருவது போன்ற உணர்வு எழுகிறது. முதற்படைப்பாளரான ஜீன் ராடன்பெரி தம் காலத்து வியட்நாம் போரையும் நிறவெறியையும் வேற்றுக்கிரக வேடத்தில் பேசினார். ரசிகர்களின் தொடர் பெரும்பாலும் தொடரைப் பற்றியே பேசுகிறது. இதுவே அதன் எல்லை.

சட்டத்தின் முன் இவையனைத்தும் மெல்லிய நூலில் தொங்கிக்கொண்டிருந்தன. பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பிலிருந்து வேறொரு படைப்பை வருவிக்கும் உரிமையும் மூல உரிமையாளருக்கே உரியது; அப்போது ஸ்டார் ட்ரெக்கின் தொலைக்காட்சி உரிமை சிபிஎஸ் நிறுவனத்திடமும் திரைப்பட உரிமை பாரமவுண்ட் நிறுவனத்திடமும் இருந்தன. இலாபம் ஈட்டாதவரை அவை கண்டும் காணாமல் இருந்தன. 'ஆக்ஸனார்' என்ற மற்றொரு ரசிகர் படக்குழு பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டியதும் நிலைமை மாறியது. 2015 டிசம்பர் இறுதியில் இரு நிறுவனங்களும் கலிஃபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. விமரிசனம், கல்வி, பகடி போன்றவற்றுக்காகப் பிறர் படைப்பை அளவோடு எடுத்தாள அனுமதிக்கும் 'நியாயமான பயன்பாடு' என்ற கோட்பாட்டை எதிர்த்தரப்பு அரணாக்கிக்கொள்ள முடியாது என்று 2017 ஜனவரியில் நீதிபதி தீர்ப்பளித்தார். அதே மாதம் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஸ்டார் ட்ரெக் திரைப்படங்களுக்காக உருவாக்கப்பட்ட, கிளிங்கன் என்னும் கற்பனை வேற்றுக்கிரக இனத்தின் மொழியும் நிறுவனத்தின் உடைமையா என்ற கேள்வி எழுந்தபோது, செயற்கை மொழி ஆர்வலர் சங்கமொன்று கிளிங்கன் சொற்றொடர்களையும் கலந்து நீதிமன்றத்துக்கு மனு எழுதியது இந்த வழக்கின் சுவையான கிளைக்கதை.

வழக்கு நடந்துகொண்டிருந்த 2016 ஜூனில் நிறுவனங்கள் பத்து விதிகளை வெளியிட்டன. ஒரு கதை 15 நிமிடத்துக்கு மேற்படக்கூடாது. இரண்டு பாகங்கள் என்றாலும் மொத்தம் 30 நிமிடமே. அதற்கு மேல் தொடர்ச்சி கூடாது. 50,000 டாலருக்கு மேல் நிதி திரட்டக்கூடாது. பங்கேற்போர் ஊதியம் பெறாதவர்களாகவும், அதிகாரபூர்வத் தொடர்களில் முன்பு பணியாற்றாதவர்களாகவும் இருக்க வேண்டும். இவற்றைக் கடைப்பிடித்து வருவோர்மீது வழக்கு வராது என்ற உறுதியும் உடன் தரப்பட்டது. தம் சொத்தைக் காக்க நிறுவனங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் பழைய கலைஞர்களையும் ஐம்பது நிமிடக் கதையையும் விலக்கியதன் மூலம், ரசிகர் படங்களில் சிறந்தவை எவற்றால் சிறந்தனவோ அவற்றையே அவை விலக்கிவிட்டன.

ஜேம்ஸ் காலி ரசிகர் படங்களை நிறுத்திக்கொண்டு, சிபிஎஸ்ஸின் உரிமத்தோடு தம் செட்டை நியூயார்க் மாநிலத்தின் டைகான்டரோகா நகரில் மக்கள் பார்வைக்குத் திறந்தார். கன்டினியூஸ் குழு, கையிலிருந்த கதையை முடித்துவிடுவது என்று தீர்மானித்து, 2017 நவம்பரில் இரண்டு பாகங்கள் கொண்ட 'டு போல்ட்லி கோ'வின் இறுதிப் பாகத்தை வெளியிட்டது. ஐந்தாண்டுப் பயணம் முடிந்து கப்பல் பூமிக்குத் திரும்புகிறது. கிர்க் ஏன் கப்பலைவிட்டு இறங்கினார், ஸ்போக் ஏன் உணர்ச்சியைத் துறக்கப் போனார் என்பவற்றுக்குக் காரணங்கள் கிடைக்கின்றன. அதில் ரோமுலன் என்னும் வேற்றுக்கிரக இனத்தின் தளபதியாக வந்த ஏமி ரைடல், 1968இல் அதே பாத்திரத்தில் நடித்த ஜோன் லின்வில்லின் மகள்.

11 எபிசோடுகளும் யூடியூபில் கட்டணமின்றிக் காணக் கிடைக்கின்றன. பழைய தொடரை அறியாதவர்கள் முதலில் 1967இன் 'மிரர், மிரர்' எபிசோடைப் பார்த்துவிட்டு, அது முடிந்த நொடியிலிருந்தே தொடங்கும் 'ஃபேரஸ்ட் ஆஃப் தெம் ஆல்' எபிசோடைப் பார்ப்பது நல்லது. இரண்டுக்கும் இடையே 47 ஆண்டுகள்.