வீட்டில் இன்ஜின் இறக்குமுன்...

தோழர்களே! வொர்க்‌ஷாப் கூலி கட்டாது என்று நம்மில் பலர் ஓய்வு நாளில் லயத்து வாசலிலேயே காடியின் இன்ஜினைக் கழற்றுகிறோம். கைவேலை தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால், 1985-இல் வெளிவந்த புரோட்டோன் சாகா போன்ற சிறிய காடியிலும் இன்ஜின், கியர் பெட்டி இரண்டும் சேர்ந்தால் 100 கிலோவைத் தாண்டும். சரிந்தால் கையால் பிடிக்க முடியாது.

"ஜாக்கிதான் இருக்கே, போதாதா?" என்பீர்கள். போதாது! ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. கெட்டியான சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இரும்பு ஸ்டாண்டில் இறக்கி வைத்த பிறகே காடிக்கு அடியில் போங்கள். செங்கல் நொறுங்கிவிடும். ரம்புத்தான் கிளையில் சங்கிலி போடாதீர்கள். செயின் பிளாக்கையும் அதற்குரிய இரும்புச் சட்டத்தையும் இரவல் வாங்குங்கள். தொங்கும் இன்ஜினுக்குக் கீழே கை, கால் நீட்டவே கூடாது.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். சூடு ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். பெட்ரோல் குழாயைக் கழற்றும்போது பக்கத்தில் சிகரெட், நெருப்பு ஆகாது.

தாய்மார்களே, ரேடியேட்டரிலிருந்து வடிக்கும் கூலண்ட் தண்ணீர் இனிக்கும். ஆனால் அது நஞ்சு. திறந்த வாளியில் விட்டுவைக்காதீர்கள். பிள்ளை ஒரு வாய் குடித்தாலும், நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பழைய இன்ஜின் எண்ணெய் நெடுநாள் தோலில் பட்டால் புற்றுநோய்கூட வரலாம். கையுறை போடுங்கள், சோப்பால் கழுவுங்கள்.

தனியாக இந்த வேலையில் இறங்காதீர்கள். யாராவது அடியில் சிக்கினால், 999-ஐ அழைக்க ஓர் ஆள் பக்கத்தில் வேணும். கூலியை மிச்சம் பிடிக்கலாம். அதற்காக உயிரைப் பணயம் வைக்கலாமா?