'நீங்க மலையாளியா?' - குமரித் தமிழ் பேசினா வர்ற முதல் கேள்வி!

சென்னை ஹாஸ்டல்ல முதல் நாள். "இங்க வெள்ளம் இருக்கா?"ன்னு கேட்டேன். ரூம்மேட் பதறிப்போய் ஜன்னலை எட்டிப் பார்த்தா. எங்க ஊர்ல வெள்ளம்னா குடிக்கிற தண்ணி. சென்னைக்காரங்களுக்கு அது டிசம்பர் மாசத்து பயம்!

கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். அதுவரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். அதனால பேச்சுல மலையாள வாடை உண்டு, மறுக்கல. விளவங்கோடு பக்கம் போகப் போக அது கூடும். ஆரல்வாய்மொழி பக்கம் வந்தா நெல்லைத் தமிழ் எட்டிப் பார்க்கும். ஆனா எல்லாத்தையும் மலையாளக் கணக்குல எழுதிடாதீங்க. மெதுவா வரச் சொல்ல நாங்க "பைய வா" என்போம். அந்த 'பைய' திருக்குறள்லயே இருக்கு பாஸ், 1098-வது குறள்!

'என்னோட வீடு' எங்களுக்கு 'எனக்க வீடு'. அதைக் கேட்டதும்தான் "நீங்க மலையாளியா?" வரும். திருவனந்தபுரம் போனா, வாயைத் திறந்ததும் "தமிழா?"

ஒரு இன்டர்வியூல, "பேச்சு கொஞ்சம் நியூட்ரலா இருந்தா நல்லாருக்கும்"னாங்க. மாத்திக்கிட்டேன். அம்மா போன் பண்ணினா மட்டும் எனக்க, உனக்க.

போன பொங்கலுக்கு ஊர்ல அம்மாகிட்டயே, "தண்ணி கொடும்மா"ன்னு கேட்டுட்டேன். செம்புல வெள்ளத்தோட வந்தவங்க, "எப்பம் மக்ளே மெட்ராஸ்காரி ஆனே?"ன்னு சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல.